அழுத்திப் பிடித்த ஹாரன்

பதினோராவது இன்ஜினின் கூட்டை மாட்டித் திருகுகளை முடுக்கி, அதைச் சோதனைத் தண்டவாளத்தில் வைத்தபோது தீப்பெட்டியின் மனதில் இருந்ததெல்லாம் பசி ஒன்றுதான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. சாயங்காலம் கண்காட்சி. இன்னும் ஒரு இன்ஜின் பாக்கி.

தீப்பெட்டி என்பது அப்பா வைத்த பெயர். ஆள் குட்டை, கோபம் மூக்குக்கு மேலே. "உரசினாப் போதும், பத்திக்கும்" என்பார். அந்தப் பெயர் தெருவுக்குத் தெரிந்து, ரயில் கிளப்புக்குத் தெரிந்து, இப்போது கூரியர்காரர்கூட வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுகிறார்.

உள்ளங்கை நீள மாடல் இன்ஜின்களுக்கு உயிர் கொடுப்பது அவள் தொழில். பொம்மை என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப், சர்க்கரைக் கட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். கட்டளையெல்லாம் தண்டவாளம் வழியாகவே சிப்புக்குப் போகும்: ஓடு, நில், விளக்கைப் போடு, ஹாரன் அடி. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு நம்பர். ரிமோட்டில் அந்த நம்பரைக் கூப்பிட்டால் அந்த இன்ஜின் மட்டும் காது கொடுக்கும். புதுச் சிப் எல்லாம் மூன்று என்ற நம்பரோடுதான் வரும்; வாங்கியவர்கள் பிறகு ஆளுக்கொன்றாக மாற்றிக்கொள்வார்கள். மாற்ற மறந்தால், ஒன்றைக் கூப்பிட்டால் வீட்டில் இருக்கிற அத்தனையும் ஓடி வரும்.

இந்த முறை மாற்றவே வேண்டாம் என்று சொன்னவர் அவளுடைய மாமா. அக்காவின் கணவர். தொழில் வட்டாரத்தில் அவருக்குச் சத்தக்காரர் என்று பெயர். நிஜ இன்ஜின்களின் பக்கத்தில் மைக்கோடு நின்று சத்தம் பிடித்து, வெட்டி ஒட்டி, சிப்பில் ஏற்றி விற்பவர். கண்காட்சியைத் திறந்து வைக்க வரும் ரயில்வே அதிகாரிக்குப் பன்னிரண்டு இன்ஜின்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்து மரியாதை செய்ய வேண்டும் என்பது அவர் திட்டம். அந்த அதிகாரி மனது வைத்தால்தான் இன்ஜின் ஷெட்டுகளுக்குள் மைக்கோடு நுழைய அனுமதி கிடைக்கும். எல்லாம் மூன்றாகவே இருக்கட்டும், ஒரு விசையில் எல்லாம் கத்தட்டும் என்றார். ஹாரனைச் சும்மா தட்டிப் பார்த்தால் போதும், ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

பத்து இன்ஜின்களை அப்படித்தான் தட்டிப் பார்த்திருந்தாள். தட்டினால் சுருக்கமாக ஒரு 'பாம்'. அழகாகத்தான் இருந்தது.

பதினோராவதில் ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது. திருகு தளர்வா, பசை விட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்கக் காதை இன்ஜினின் முதுகில் வைத்து, ரிமோட்டில் ஹாரனுக்கான இரண்டாம் விசையை அழுத்திப் பிடித்தாள்.

பாஆஆஆம்... ப்ர்ர்ர்ர்ர்... ப்ர்ர்... பாஆம்.

அறை மூலையில் நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா கையில் வைத்திருந்த திருகுக் கிண்ணம் தரையில் விழுந்து, அரிசி அரிசியாகத் திருகுகள் மேசைக்கடியில் சிதறி ஓடின.

அவள் குனிந்து பொறுக்கவில்லை. மறுபடி அழுத்திப் பிடித்தாள். பெரிய ஊதுகுழல் கணீரென்று எழும்பி, நடுவில் காற்று அறுந்து, எருமை மூக்கைச் சிந்துவதுபோலத் துப்பி, திரும்பவும் மூச்சுப் பிடித்து எழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் உதடுகள் சத்தம் வராமல் அதே அளவில், அதே இடத்தில் அறுந்து, அதே இடத்தில் மூடித் திறந்துகொண்டிருந்தன.

அந்த வாயசைவை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். விசாரணை அறையில்.

அப்பா இன்ஜின் டிரைவராக இருந்தவர். போன வருஷம், கேட் இல்லாத ஒரு கிராசிங்கில், ஒரு வேன் தண்டவாளத்தில் ஏறியது. உள்ளே கணவனும் மனைவியும். இரண்டு பேரும் போய்விட்டார்கள். அந்தக் கிராசிங்கில் இருப்பது சிவப்பு விளக்கும் மணியும்தான். ரயில் நெருங்கினால் தானாக விளக்கு எரியும், மணி அடிக்கும். அன்று மாலை வெயில் நேராக விளக்கின் மேல் விழுந்திருக்கிறது, எரிந்தது தெரிந்திருக்காது. மணியோ, அன்றைக்கே சோதித்தார்கள், வெண்கலக் கடை மாதிரி அடித்தது. அப்படியானால் வேன்காரன் ஏன் நிற்கவில்லை? டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். தூரத்துச் செங்கல் சூளையின் காவல்காரர் ஹாரன் எதுவும் கேட்கவில்லை என்றார். இன்ஜினின் முகம் நொறுங்கி, ஊதுகுழல்கள் சப்பளிந்து போயிருந்தன. பழைய இன்ஜின், அதன் கருவி வேகத்தைப் பதியுமே தவிர ஹாரனைப் பதியாது.

அடித்தேன் என்றார் அப்பா. ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகையைப் பார்த்ததுமே இழுத்தேன், நடுவில் காற்று அறுந்து துப்பியது, விடாமல் இழுத்துப் பிடித்தேன், மறுபடி வந்தது, அதற்குள் வேன் மேலே ஏறிவிட்டது, எமர்ஜென்சி பிரேக் போட்டேன் என்றார். எப்படித் துப்பியது, காட்டுங்கள் என்றார் விசாரணை அதிகாரி. அப்பா வெகுளியாகக் கையை வாயருகே குவித்து அப்படியே ஊதிக் காட்டினார். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் தட்டச்சு செய்தவர் பொத்தாமலே சிரித்தார். வாசலில் நின்றிருந்த தீப்பெட்டியின் காதில் அந்தச் சிரிப்பு முள்ளாக ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை.

வேலை போனது. வேன்காரனின் தம்பி வந்து கல்லை விட்டெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். தினமும் அந்த வழியாகப் போகிறவன் என் அண்ணன், மணி அடித்தால் நிற்காமல் போவானா, மணியே அடிக்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை, கொன்றுவிட்டீர்கள் என்று தெருவில் நின்று கத்தினான். அவன் பேச்சையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அப்பாவின் கடைசி மேல்முறையீடு. புதிதாக ஒரு சாட்சி இல்லாமல் வந்து நிற்பது வீண் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். அந்த வக்கீல் வீட்டுக்குத் தன் காரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போய் வருகிறவர், சாட்சாத், மாமாதான்.

"கடைசி விசையை அமுக்கு" என்றார் அப்பா.

மாமா அனுப்பிய சிப் வந்த பெட்டியின் மேல் அந்த விசையைப் பற்றித் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: நிஜமான எமர்ஜென்சி பிரேக் சத்தத்துடன். பெட்டி வந்த அன்றைக்கே தீப்பெட்டிக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவருக்காக எந்த டிரைவர் எமர்ஜென்சி பிரேக் போடுவார்? சக்கரம் தேயும், பயணிகள் உருளுவார்கள், மேலிடத்துக்குப் பதில் சொல்லி மாளாது. ஏதோ வெட்டி ஒட்டிய சத்தமாக இருக்கும் என்று அப்போது விட்டுவிட்டாள்.

அமுக்கினாள். காற்று சீறியது. அதன் மேல் இரும்பும் இரும்பும் அலறியது. அலறல் உச்சத்துக்குப் போய், யாரோ பஞ்சால் ஒற்றி எடுத்தது போல் மெதுவாகத் தேய்ந்து நின்றது.

அப்பா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுக்கப்புறம் ஒரு சத்தம் வரணும்" என்றார். "வெட்டிட்டான்."

எழுந்து போய் முகம் கழுவினார். ரயில்வே சம்பந்தப்பட்ட எந்த இடத்துக்கும் வரமாட்டேன் என்று ஒரு வருஷமாக அடம் பிடித்தவர், அலமாரியைத் திறந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவதை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்.

தீப்பெட்டி பன்னிரண்டாவதின் சிப்பை எடுத்தாள். ஒயரை ஒட்ட ஈயம் வைக்கும்போது கை தப்பினால் எல்லாம் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். இதே மேசையில் உட்கார்ந்து அந்த ஆள் சாப்பிட்டிருக்கிறார். அப்பாவின் முதுகைத் தட்டி, கவலைப்படாதீங்க மாமா, சத்தியம் வெளியே வரும் என்றிருக்கிறார். சத்தியத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு.

கண்காட்சி ஒரு பெரிய கூடத்தில். நடுவில் ஒரு லாரி நீளத்துக்கு மேசைகளை ஒட்டிப் போட்டு, மலையும் பாலமும் ஸ்டேஷனுமாக ரயில் பாதை. மேசையைச் சுற்றித் தரை வரை தொங்கும் கறுப்புத் துணி. ஓரத்தில் மாமாவின் கடை. அக்கா பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஓடி வந்து கையைப் பிடித்து, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மாமாவின் முகம் மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்து, உடனே சிரிப்பை வரவழைத்துக்கொண்டது.

தீப்பெட்டி இன்ஜின்களைப் பாதையில் வரிசையாக நிறுத்தினாள். பிறகு, அடியில் ஒரு ஒயர் கழன்றிருக்கிறது, கொஞ்சம் வாருங்கள் என்று மாமாவைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கறுப்புத் துணியை விலக்கி மேசைக்கடியில் குந்தினார்கள். தலைக்கு மேலே பலகை, முகத்துக்கு நேரே தொங்கும் ஒயர்கள், துணிக்கு அந்தப் பக்கம் ஆட்களின் செருப்புகள்.

"ஹாரனை அழுத்திப் பிடிச்சுப் பாத்தேன் மாமா."

அவர் உடனே புரிந்துகொண்டார். அது வேறு ஊர், வேறு வண்டி என்று ஆரம்பித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் பாதியிலேயே சோர்ந்து விழுந்தது. சரி, நான் அங்கே இருந்தேன் என்றார். மாமனார் ஓட்டுகிற வண்டியின் சத்தத்தைப் பிடிக்கலாம் என்று ஆசையாகப் போனேன், கண்ணுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது, ரயில்வே நிலத்தில் அனுமதியில்லாமல் மைக்கோடு நின்றேன் என்று தெரிந்தால் என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள், உன் அக்காவும் குழந்தைகளும் நடுத்தெருவில் நிற்பார்கள், மருமகன் சாட்சியை எவன் நம்புவான் என்றார். கண்ணில் நீர்கூட வந்தது.

தீப்பெட்டி ஒரு கணம் தடுமாறித்தான் போனாள். துணி இடுக்கில் அக்காவின் கால்கள் தெரிந்தன. பெட்டிகளுக்கு நடுவே சந்தோஷமாக அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தன. பயந்த மனுஷன், கோழை, அவ்வளவுதானோ என்று நினைத்தாள்.

"அழிக்க மனசு வரலடி" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தத் துப்பல் இருக்கே, அதுல ஒரு உயிர் இருக்கு. காசு கொடுத்தாலும் அப்படி ஒண்ணு சிக்காது. அதுவும் எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாத்தியா? கிராசிங்ல நின்னு எடுத்தது. மணிச் சத்தம் ஒரு பொட்டு இல்ல."

தொழில் கர்வம் அவர் நாக்கைப் பிடித்து இழுத்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"ஏன் இல்ல?" என்றாள் தீப்பெட்டி.

அவர் தொங்கும் ஒயர் ஒன்றைப் பிடித்து நிமிண்டினார்.

"வெண்கலக் கடை மாதிரி அடிக்கிற மணி மாமா அது. நீங்க அதுக்குப் பக்கத்துல நிக்கறீங்க. ஹாரன் விழுந்திருக்கு, பிரேக் விழுந்திருக்கு. மணி எங்க?"

தலைக்கு மேலே யாரோ பாதையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சர், சர் என்று பலகை அதிர்ந்தது.

"கொஞ்ச நேரம்தான்" என்றார் மாமா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மைக்குக்குச் சுத்தற ஸ்பாஞ்ச்... அதை மணி மேல சுத்திக் கட்டினேன். வண்டி போனதும் எடுத்துடலாம்னுதான். விளக்கு எரிஞ்சுட்டுத்தானே இருந்துச்சு? அவன் பாத்திருக்க வேண்டாமா?"

தீப்பெட்டிக்குக் காதுக்குள் ஒரு நிமிஷம் எதுவுமே கேட்கவில்லை. வேன்காரனின் தம்பி தெருவில் நின்று கத்தியது மட்டும் எங்கிருந்தோ திரும்ப வந்தது. மணியே அடிக்கவில்லை. அவனைப் பைத்தியக்காரன் என்றுதான் இவளும் நினைத்திருந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமாவின் முகம் மாறிவிட்டது. அழுகை காய்ந்து, உள்ளே இருந்த கணக்குக்காரர் வெளியே வந்தார். நாளைக்கே எல்லாச் சிப்பையும் திரும்ப வாங்கி வேறு ஹாரன் ஏற்றிவிடுவேன், அப்புறம் நீ என்ன சொன்னாலும் அது உன் கற்பனைதான் என்றார்.

"ஒரு பொம்மை ரயில் கத்தினதைக் கொண்டுபோய் எவன்டி சாட்சியா வெப்பான்? உங்க அப்பா ஊதிக் காட்டினப்பவே சிரிச்சாங்க. நீ பொம்மையை ஊதிக் காட்டு, விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

அவள் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு, முழங்காலைத் தட்டிவிட்டு, துணியை விலக்கி வெளியே போனார். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று ஒலிபெருக்கி சொன்னது.

தீப்பெட்டியும் வெளியே வந்தாள். வந்தவரைப் பார்த்து அப்படியே நின்றாள். அன்று வாயைப் பொத்திச் சிரித்த அதே மனிதர். பதவி உயர்ந்திருந்தது, வயிறும்தான். அப்பா ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். முன்வரிசையில், முதுகை வளைக்காமல், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரிக்கு அப்பாவை அடையாளம் தெரிந்தது. முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டார்.

மாமா பேசினார். டிஜிட்டல் கட்டுப்பாடு, துல்லிய ஒலி, நம் கிளப்பின் பெருமை என்று அடுக்கினார். பிறகு ரிமோட்டை உயர்த்தி இரண்டாம் விசையைத் தட்டினார். பன்னிரண்டு இன்ஜின்களும் ஒரே குரலில் 'பாம்' என்றன. கூட்டம் கைதட்டியது. அதிகாரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மாமா ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், பத்திரமாக.

மேசையின் பின்பக்கம் ஒரு ஆணியில் கிளப்பின் பழைய ரிமோட் தொங்கிக்கொண்டிருந்தது. அழுக்கேறி, ஒரு மூலை உடைந்து, டேப் ஒட்டியது. யாரும் அதைச் சீண்டுவதில்லை. ஆனால் இன்ஜினுக்கு எந்தக் கையில் எந்த ரிமோட் என்பதெல்லாம் தெரியாது. தன் நம்பரைக் கூப்பிட்டால் போதும். தீப்பெட்டி அதை எடுத்தாள். மூன்றைத் தட்டினாள். இரண்டாம் விசையின் மேல் கட்டைவிரலை வைத்து, எலும்பு வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தாள்.

பன்னிரண்டு இன்ஜின்களும் கத்தின.

கூடத்தில் பேச்சு நின்றது. நாற்காலியில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ரிமோட் அங்கேயே இருந்தது. அப்புறம் அவர் கண் தீப்பெட்டியின் கையில் விழுந்தது. நாற்காலி ஒன்றை இடித்துத் தள்ளிக்கொண்டு சுவருக்குப் பாய்ந்து, பாதைக்கு மின்சாரம் கொடுக்கும் பிளக்கைப் பிடுங்கினார். ஸ்டேஷன் விளக்குகள் அணைந்தன. பால விளக்குகள் அணைந்தன.

ஹாரன் நிற்கவில்லை.

தண்டவாளத்தில் தூசி இருந்தால் ஒரு நொடி மின்சாரம் விட்டுப்போய்ச் சத்தம் அறுந்துவிடும். மானம் போய்விடும், ஒவ்வொன்றுக்குள்ளும் பெரிய கெபாசிட்டராக வை, மின்சாரம் போனாலும் சத்தம் போகக்கூடாது என்று தீப்பெட்டியிடம் படித்துப் படித்துச் சொன்னவர் மாமாதான். அவளும் அவர் கேட்டதற்கு மேலேயே பெரிதாகப் பார்த்து வைத்திருந்தாள். விளக்கணைந்த பாதையில் நின்ற பன்னிரண்டு இன்ஜின்களும் நடுவில் காற்று அறுந்து, ப்ர்ர்ர்ர்ர் என்று துப்பி, ப்ர்ர் என்று திணறி, மூச்சுப் பிடித்து மறுபடி எழுந்தன. பிறகுதான் தம் கட்டியது தீர்ந்து ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி ஒன்று மட்டும் ஸ்டேஷன் ஓரத்தில் கொஞ்சம் இழுத்துவிட்டு ஓய்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. மாமா கையில் பிளக்கோடு சுவர் ஓரம் நின்றார்.

அதிகாரியின் சிரிப்பு பாதி வழியில் உறைந்திருந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஒரு மனிதர் கையை வாயருகே குவித்து ஊதிக் காட்டியபோது கேட்டு ரசித்த சத்தம். மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அன்றைக்கு நீங்கள் செய்து காட்டினீர்களே, அது எப்படி இருந்தது, இன்னொரு தடவை காட்டுங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இனிமே நான் ஊத மாட்டேன் சார்" என்றார் அப்பா. "அன்னிக்கு நான் ஊதினேன், சிரிச்சீங்க. இன்னிக்கு இன்ஜின் ஊதிடுச்சு."

எங்கே பதிவு செய்தது இது என்று அதிகாரி மாமாவைக் கேட்டார். மாமா சமாளித்தார், சும்மா சொல்லக்கூடாது, வேகமாகத்தான் சமாளித்தார். இதெல்லாம் கம்ப்யூட்டரில் உருவாக்கியது சார், பழைய ஹாரன் மாதிரி இருக்கட்டுமே என்று நானே செய்த துப்பல் என்றார். அதிகாரியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்த நிம்மதி. கம்ப்யூட்டர்தானே என்று சொல்லி எழுந்திருக்கப் போனார்.

தீப்பெட்டி வெடிக்க வாய் திறந்தாள். அதற்குள் கடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. உயராத குரல்.

அக்கா கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "கம்ப்யூட்டர் ஒலி ஒரு துளியும் இல்லை. முழுக்க முழுக்க நேரடிப் பதிவு. இந்த லேபிளை ராத்திரி பகலா உக்காந்து ஒட்டினது நான்தாங்க." பெட்டியைக் கீழே வைத்தாள். "எமர்ஜென்சி பிரேக்கை எந்த டிரைவர் உங்களுக்காகப் போட்டான்னு நான் கேட்டதே இல்ல. இப்ப கேக்கறேன்."

மாமா அவளிடம் வந்து, வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். அவள் அவரைத் தாண்டித் தங்கையைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவள். இப்போது அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். கிடைக்கவில்லை.

தீப்பெட்டி ஒரே ஒரு வரிதான் சொன்னாள். "மணி மேல ஸ்பாஞ்ச் கட்டியிருந்தார்க்கா."

அக்கா பெட்டிக் கோபுரத்தை ஒதுக்கித் தள்ளினாள். பிறகு கடை மேசைக்குப் பின்னால் போனாள். அங்கே மாமாவின் லேப்டாப் திறந்தே இருந்தது, வாங்க வருகிறவர்களுக்கு அங்கேயே சிப்பில் சத்தம் ஏற்றிக் கொடுப்பதற்காக. மாமா பாய்ந்தார். கிளப் ஆட்கள் இரண்டு பேர், என்ன ஏது என்று புரியாமலே, குறுக்கே நின்றார்கள். அதை மூடுடி, மூடு என்று மாமா கத்தினார். குழந்தைகள் மேல் சத்தியம் வைத்தார். அக்கா நிமிரவில்லை. தேடிக்கொண்டே அதிகாரியிடம் பேசினாள்.

"இவர் எதையும் அழிக்க மாட்டார் சார். வெட்டுவார். அழிக்க மாட்டார்."

ஒவ்வொரு பதிவையும் ஆரம்பிக்கும்போது மைக்கில் இடத்தையும் தேதியையும் வண்டியையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பது மாமாவின் தொழில் பழக்கம். பின்னால் எந்தச் சத்தம் எது என்று குழம்பாமல் இருக்க. அக்கா கண்டுபிடித்து ஓடவிட்டாள். கடையின் ஸ்பீக்கர்களில் மாமாவின் குரல் தெளிவாக வந்தது. கிராசிங்கின் பெயர். தேதி. அப்பாவின் வண்டி எண். அப்புறம் உற்சாகமாக, தனக்குத் தானே பேசிக்கொள்கிற குரலில்: "மணியை மூடியாச்சு. இப்ப சுத்தமா விழும்."

பின்னால், சிப்பில் ஏற்றும்போது வடிகட்டிவிட்ட மெல்லிய ஓசை: கனத்த துணிக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல், டொப், டொப், டொப். வாயைக் கட்டிப்போட்ட மணி.

தூரத்தில் ஹாரன் எழும்பியது. அறுந்தது. துப்பியது. மறுபடி எழுந்தது. இரும்பு அலற ஆரம்பித்தது.

போதும், நிறுத்துங்கள் என்று அதிகாரி கையைத் தூக்கினார். அந்தக் கையை அப்பா பிடித்துக் கீழே இறக்கினார். மரியாதையாகத்தான் இறக்கினார், ஆனால் விடவில்லை.

"முழுசாக் கேளுங்க சார். நான் முழுசாக் கேட்டேன்."

இந்தப் பதிவு வெட்டாதது. பஞ்சால் ஒற்றாதது. அலறலுக்கு அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. கூடத்தில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்துக்குள் வேகவேகமாகச் சரளைக்கல்லில் ஓடும் காலடி, ஸ்பாஞ்சைச் சுற்றிய டேப்பைக் கிழிக்கும் சத்தம். திடீரென்று மணி கணகணவென்று, வெண்கலக் கடையாய், யாருக்காகவோ அடித்தது.

அக்கா நிறுத்தினாள்.

அதிகாரிக்கு வியர்த்திருந்தது. இந்த லேப்டாப்பை யாரும் தொடக்கூடாது என்று தன் உதவியாளரிடம் சொன்னார். போலீசுக்கு போன் போட்டார். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், நானே மேலிடத்தில் பேசுகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தார். ஏதோ வருத்தம் தெரிவிக்கவும் முயன்றார். அப்பா காது கொடுக்கவில்லை. பேசுவதெல்லாம் விசாரணை அறைக்கு வந்து பேசுங்கள், அன்றைக்குத் தட்டச்சு செய்தவரும் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிளக் இன்னும் கையிலேயே இருந்தது. மாப்பிள்ளை என்று அப்பா கூப்பிடவில்லை. நாற்காலியை நகர்த்துவதுபோல் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து, பெரிய மகளிடம் போய் அவள் தலையில் கையை வைத்தார். அக்கா அதுவரை அழாதவள், அப்போதுதான் உடைந்தாள்.

தீப்பெட்டி இன்ஜின்களைப் பாதையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கோபம் தணிந்ததா என்று தன்னையே தொட்டுப் பார்த்தாள். தணியவில்லை. யார் மேல் என்று தெரிந்த கோபம் முன்னைவிடச் சூடாக இருந்தது.

"பதினோராவதை வெளிய வெச்சுக்கோ" என்றார் அப்பா, பின்னாலிருந்து. "வழியில ஒரு வீட்டுக்குப் போகணும்."

"யார் வீட்டுக்கு?"

"வேன்காரன் தம்பி."

நம் வீட்டுக் கண்ணாடியை உடைத்தவனாயிற்றே என்றாள் அவள்.

"உடைச்சான். ஆனா அந்த ஊர்ல மணி அடிக்கலன்னு சொன்னது அவன் ஒருத்தன்தான்" என்றார் அப்பா. "அவனையும் யாரும் நம்பல. நானே நம்பல. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

தீப்பெட்டி இன்ஜினைக் கைக்குட்டையில் சுற்றி, ஒரு துண்டுத் தண்டவாளத்தோடு பையில் வைத்தாள். உடைந்த மூலையில் டேப் ஒட்டிய ரிமோட்டையும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.